16 வயது ஓட்டுநருக்கான கைப்பேசிப் பூட்டு: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

சென்ற கோடையில் என் மகளுக்குக் கலிஃபோர்னியாவின் தற்காலிக ஓட்டுநர் உரிமம் கிடைத்தது. பழகுநர் அனுமதியுடன் 6 மாதக் காத்திருப்பு, பயிற்சியாளருடன் 6 மணி நேரம், பெற்றோரில் ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு 50 மணி நேரம், அந்த ஐம்பதில் பத்து இரவில் என்று எல்லாக் கணக்கையும் தீர்த்துவிட்டு, அவள் முதன்முறையாகத் தனியே வண்டியை எடுத்துக்கொண்டு போன மாலையில், வாசலில் நின்றிருந்த என் மனைவி வேகத்தைப் பற்றியோ வழியைப் பற்றியோ கேட்கவில்லை. "போனை எங்க வச்சிருக்கா, பாத்தீங்களா?" என்றுதான் கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை. அன்றிரவே, பதின்ம வயது ஓட்டுநர்களுக்கென்று விளம்பரம் செய்யப்படும் ஒரு கைப்பேசிப் பூட்டுச் செயலிக்கு ஓராண்டுச் சந்தா கட்டினேன். ஆண்டுக்கு 96 டாலர். வண்டியில் ஒட்டும் வில்லைக்குத் தனியாக 20 டாலர். நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். பெயரைவிட, இத்தகைய செயலியை வாங்கும் பெற்றோர் எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே இங்கு முக்கியம்.

உறையைப் பிரித்தால் கேரம் ஸ்ட்ரைக்கர் அளவில் ஒரு வெள்ளை வில்லை இருக்கிறது. உள்ளே பொத்தான் வடிவ பேட்டரியும், அசைவை உணரும் சில்லும், புளூடூத்தும் உள்ளன. வண்டி நகரத் தொடங்கியதும் வில்லை விழித்துக்கொண்டு, அருகிலுள்ள கைப்பேசியில் இருக்கும் செயலியைத் தட்டி எழுப்பும். செயலி, ஜிபிஎஸ் மூலம் வேகத்தைக் கணக்கிட்டு, மணிக்கு 15 மைலைத் தாண்டியதும் திரையை மூடி, வரும் குறுஞ்செய்திகளுக்கு "வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்" என்று தானாகவே பதில் அனுப்பும். பயணம் முடிந்ததும் நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் என்று பெற்றோரின் கைப்பேசிக்குச் சொல்லும். வடிவமைப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எழுத்துகள் பெரியவை, நிறங்கள் கண்ணை உறுத்தாதவை, பேட்டரியையும் அதிகம் குடிக்கவில்லை. ஆனால் வில்லையை எங்கே ஒட்டுவது என்பதற்குக் கையேட்டில் அச்சிட்டிருக்கும் படத்தில், அது முன்கண்ணாடியின் நட்டநடுவில் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் வழிகாட்டிக் கருவி, கைப்பேசித் தாங்கி போன்றவற்றை முன்கண்ணாடியில் பொருத்துவதற்குச் சட்டமே இடத்தை அளந்து கொடுத்திருக்கிறது: ஓட்டுநருக்கு எட்டாத பக்கத்துக் கீழ் மூலையில் 7 அங்குலச் சதுரம், ஓட்டுநர் பக்கத்துக் கீழ் மூலையில் 5 அங்குலச் சதுரம். நான் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போய் ஏழு அங்குல மூலையில் ஒட்டினேன். சிறிய விஷயம்தான் என்றாலும், இங்குள்ள வாகனச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்காமலே பெட்டியைக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்ற ஐயம் எனக்கு முதலில் எழுந்தது அங்கேதான்.

அந்தச் சட்டத்தைப் பற்றி ஓரளவு சொன்னால்தான் மேற்கொண்டு சொல்லப்போவது விளங்கும். அமெரிக்காவில் கைப்பேசியைக் கையில் பிடித்துப் பேசியபடி ஓட்டுவதை மாநிலம் முழுவதும் முதலில் தடைசெய்தது நியூயார்க், 2001-இல். குறுஞ்செய்தி அனுப்புவதற்கு முதல் தடையை 2007-இல் வாஷிங்டன் மாநிலம் இயற்றியது. கலிஃபோர்னியாவில் 2008 ஜூலை 1 அன்று இரண்டு சட்டங்கள் ஒன்றாக நடைமுறைக்கு வந்தன. பெரியவர்களுக்கான சட்டம், கையில் பிடித்துப் பேசக் கூடாது, காதுக்கருவியிலோ வண்டியின் ஒலிபெருக்கியிலோ பேசிக்கொள்ளலாம் என்றது. 18 வயது நிரம்பாதவர்களுக்கான சட்டமோ அந்தச் சலுகையையும் எடுத்துவிட்டது. கையில் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், பேசினாலும் தட்டச்சு செய்தாலும், அவர்கள் வண்டி ஓட்டும்போது கைப்பேசியைப் பயன்படுத்தவே கூடாது. விதிவிலக்கு ஒன்றே ஒன்றுதான்: காவல்துறை, தீயணைப்புத் துறை, மருத்துவ உதவி ஆகியவற்றை அவசரத்துக்கு அழைப்பது. வழிகாட்டும் வரைபடத்துக்கென்றோ பாட்டுக்கென்றோ அதில் விதிவிலக்கு எழுதப்படவில்லை. அடிப்படை அபராதம் முதல் முறை 20 டாலர், அடுத்தடுத்த முறைகளில் 50 டாலர் என்று பார்க்க அற்பமாகத் தெரியும். நீதிமன்றத்தின் கூடுதல் தொகைகள் சேர்ந்து சீட்டு வீட்டுக்கு வரும்போது அது பல மடங்காகியிருக்கும். 2021 ஜூலை முதல், 36 மாதங்களுக்குள் இரண்டாம் முறை பிடிபட்டால், ஓட்டுநரின் தவறுகளைக் கணக்கு வைக்கும் புள்ளிகளில் ஒன்றும் உரிமத்தில் ஏறும்.

இவ்வளவு தெளிவான சட்டம் இருக்கும்போது செயலி எதற்கு என்று கேட்கலாம். மிசூரி மாநிலத்தின் கிரே சம்மிட் அருகே 2010 ஆகஸ்ட் 5 அன்று நடந்த விபத்து அதற்கு விடை. நெடுஞ்சாலைப் பணி நடந்துகொண்டிருந்த இடத்தில், 19 வயது இளைஞர் ஓட்டிவந்த பிக்கப் வண்டி முன்னால் சென்ற டிரக்கின் மீது மோத, பின்னால் வந்த இரண்டு பள்ளிப் பேருந்துகளும் அடுத்தடுத்து வந்து மோதின. இருவர் இறந்தனர், 38 பேர் காயமடைந்தனர். மோதலுக்கு முந்தைய 11 நிமிடங்களில் அந்த இளைஞரின் கைப்பேசியில் 11 குறுஞ்செய்திகள் போய்வந்திருந்தன. 21 வயது வரையிலான ஓட்டுநர்கள் குறுஞ்செய்தி அனுப்புவதைத் தடுக்கும் சட்டம் மிசூரியில் அப்போதே இருந்தது. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011 டிசம்பரில், எல்லா வயது ஓட்டுநர்களுக்கும் எல்லா மாநிலங்களிலும் தடை வேண்டும் என்று பரிந்துரைத்ததற்கு இந்த விபத்தே காரணம். வடக்குக் கரோலினாவின் அனுபவமும் இதே கதைதான். அங்கே 2006 டிசம்பரில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தடை வந்தது. பள்ளிகளிலிருந்து வெளியேறும் வண்டிகளை ஆய்வாளர்கள் நின்று பார்த்து எண்ணினார்கள். தடைக்கு முன் ஓட்டியபடியே கைப்பேசியைப் பயன்படுத்தியவர்கள் 11 விழுக்காடு, தடைக்குப் பின் ஏறத்தாழ 12. கலிஃபோர்னியாவிலும் நிலைமை இலகுவானதன்று. கையில் பிடிக்காமல் பேசும் 17 வயதுக்காரரை அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் காவலர் நிறுத்தக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. சாலையில் யாராலும் எளிதில் பிடிக்க முடியாத குற்றம் என்பதால், வீட்டில் ஏதாவது ஒரு கருவி பிடித்துக்கொடுத்தால் நல்லது என்று நினைத்தேன்.

முதல் இரண்டு வாரங்கள் மகிழ்ச்சியாகவே இருந்தன. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் மாலை, அவள் நூலகத்திலிருந்து திரும்பிக்கொண்டிருப்பாள் என்பது நினைவில்லாமல் அவளை அழைத்தேன். இரண்டே மணியொலியில் எடுத்தாள். "சொல்லுங்கப்பா." பின்னணியில் இண்டிகேட்டரின் டிக் டிக் கேட்டது. "வரும்போது பால் வாங்கிட்டு வா" என்றேன், "சரிப்பா" என்றாள், வைத்துவிட்டோம். இருபது நிமிடம் கழித்து அந்தப் பயணத்துக்கான மதிப்பெண் என் கைப்பேசிக்கு வந்தது: 100-க்கு 100, பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு டிக் குறி. 17 வயதுகூட ஆகாத ஓட்டுநர் ஒலிபெருக்கியில் பேசியபடி வீடு வந்து சேர்ந்திருக்கிறார். அழைத்ததும் நான், பாராட்டுச் சான்றிதழும் எனக்கு.

அமைப்புகளைத் தோண்டிப் பார்த்தேன். நான்கு அடுக்குக்குக் கீழே, "வண்டியின் ஒலிபெருக்கி வழியாக அழைப்புகளை அனுமதி" என்று ஒரு பொத்தான் இருந்தது. தொடக்கத்திலிருந்தே அது 'ஆம்' நிலையில்தான் இருந்திருக்கிறது. இத்தனைக்கும் கணக்கைத் தொடங்கும்போதே ஓட்டுநரின் பிறந்த தேதியையும் மாநிலத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டவர்கள் அவர்கள். 16 வயது, கலிஃபோர்னியா என்ற இரண்டு விவரங்கள் கையில் இருந்தும் அந்தப் பொத்தானைத் தானாக அணைக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். ஒலிபெருக்கி வழியாகப் பேசுவது பெரும்பாலான மாநிலங்களில் சட்டப்படியானதே என்றும், எனக்கு விருப்பமில்லாவிட்டால் அணைத்துக்கொள்ளலாம் என்றும் பணிவான பதில் வந்தது. பெரியவர்களைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் புதிய ஓட்டுநர்களுக்குக் கைப்பேசியை முற்றாகத் தடைசெய்திருக்கும் மாநிலங்கள் முப்பதுக்கும் மேல் இருக்கின்றன. விளம்பரத்தில் பதின்ம வயதுப் பிள்ளையின் படத்தைப் போட்டுவிட்டு, உள்ளே பெரியவர்களின் சட்டத்தைப் பொருத்தியிருக்கிறார்கள் என்பதுதான் இந்தச் செயலியின் மீது எனக்குள்ள முதன்மையான குற்றச்சாட்டு. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நியாயமாகப் பார்த்தால் இந்தக் குறை அவர்களுக்கு மட்டும் உரியதன்று. ஐஃபோனில் 2017 முதல் இலவசமாகவே கிடைக்கும் வாகன முறையும் அறிவிப்புகளை நிறுத்தி, தானியங்கிப் பதிலை அனுப்பிவிடும். அதைப் பிள்ளைகள் மாற்ற முடியாதபடி பெற்றோர் பூட்டிவைக்கவும் வழியுண்டு. ஆனால் கைப்பேசி வண்டியின் புளூடூத்துடன் இணைந்திருந்தால் அழைப்புகள் வழக்கம்போல் உள்ளே வரும். பெரியவர்களுக்கு வசதி என்று வைத்த வாசல் அது. நான் கடைசியில் செய்தது என்னவென்றால், வண்டியின் திரையில் இணைக்கப்பட்ட கைப்பேசிகளின் பட்டியலைத் திறந்து, மகளின் கைப்பேசியை அதிலிருந்து நீக்கிவிட்டேன். பத்து வினாடி வேலை, செலவில்லை. 116 டாலர் கொடுத்தும் கிடைக்காத சட்டப் பொருத்தம் அந்த ஒரு தட்டலில் கிடைத்தது. "அப்ப பாட்டு?" என்று மகள் கேட்டாள். வண்டியில் வானொலி இருக்கிறது என்று அவளுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. அப்படி ஒன்று இருப்பதையே அவள் ஏதோ தொல்லியல் செய்தியைப் போலக் கேட்டுக்கொண்டாள்.

இரண்டாவது குறை வேகக் கணக்கில் இருக்கிறது. செயலிக்கு வேகம் இருந்தால்தான் ஓட்டுதல்; சட்டத்துக்கு அப்படியில்லை. சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருப்பதும் ஓட்டுவதுதான் என்று 2011-இலேயே கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இதைச் சோதிப்பதற்காக ஒரு சனிக்கிழமை நானே வண்டியை ஓட்ட, மகள் பக்கத்து இருக்கையில் தன் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நீண்ட நேரம் சிவப்பு விழும் ஒரு பெரிய சந்திப்பில் நின்றபோது, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் திரை தானாகத் திறந்துகொண்டது. பச்சை விழுந்து, வண்டி நகர்ந்து, 15 மைலைத் தாண்டிச் சற்று நேரம் ஆன பிறகுதான் மறுபடி மூடியது. சந்திப்பைக் கடக்கும் அந்த இடைவெளி முழுவதும் கைப்பேசி திறந்தே கிடந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போதும் இதே கதைதான்: பின்னோக்கி எடுத்துத் தெருவில் இறங்கி, முதல் நிறுத்தப் பலகை வரை ஊர்ந்து போகும் ஒன்றரை நிமிடம் பூட்டு விழுவதில்லை. எந்த வழியில் போவது, எந்தப் பாட்டைப் போடுவது, தோழிக்குக் கிளம்பிவிட்டேன் என்று சொல்வது ஆகிய எல்லா வேலையும் நடப்பது அந்த ஒன்றரை நிமிடத்தில்தான். மணிக்கு 25 மைல் வேகத்தில்கூட வண்டி ஒரு வினாடிக்கு 36 அடி போகிறது. நெடுஞ்சாலையின் 55 மைலில் 80 அடி. திரையில் ஐந்து வினாடி கண்ணை விட்டால் 400 அடியைப் பார்க்காமலே கடந்திருப்போம்.

ஆளை அடையாளம் காண்பதில் செயலி படு மோசம். வில்லை இருக்கும் வண்டியில் யாருடைய கைப்பேசி இருந்தாலும் அவர்தான் ஓட்டுநர் என்று அது முடிவு கட்டிவிடுகிறது. அதைச் சரிசெய்ய "நான் ஓட்டவில்லை" என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அதை அழுத்தினால் பூட்டு உடனே திறக்கிறது, கேள்வி எதுவும் கேட்பதில்லை, பெற்றோருக்குத் தகவலும் போவதில்லை. பூட்டின் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டது போல. வில்லையில்லாத பயணங்களையும் அது ஊகிக்கிறது. பள்ளிச் சுற்றுலாவுக்கு அவள் ரயிலில் போன நாளில், 70 மைல் வேகத்தில் கைப்பேசியைத் தொட்டுக்கொண்டே ஓட்டியதாக எனக்கு எச்சரிக்கை வந்தது. முதல் முறை பதறினேன். மூன்றாம் முறை பார்க்காமலே ஒதுக்கித் தள்ளினேன், அது இன்னும் ஆபத்து.

நல்லதையும் சொல்ல வேண்டும். தானியங்கிப் பதில் மிகச் சரியாக வேலை செய்கிறது. அதன் முதல் பயனாளிகள் நாங்கள்தாம். "எங்கே இருக்கிறாய்?" "சாப்பிட்டாயா?" "எப்போது வருவாய்?" என்று ஓடும் வண்டிக்குள் செய்திகளை எறிந்துகொண்டிருந்தவர்கள் தோழிகள் இல்லை, பெற்றோராகிய நாங்களே என்பது அந்தப் பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் திரையில் வந்து விழுந்தபோதுதான் தெரிந்தது. பிறகு நாங்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: கிளம்புமுன் அவள் ஒரு செய்தி, சேர்ந்ததும் ஒரு செய்தி, இடையில் எதுவும் இல்லை. திடீர் பிரேக், திடீர் வேகம் ஆகியவற்றின் பதிவும் நம்பத்தக்கதாகவே இருந்தது. எந்த வளைவில் அவள் அழுத்திப் பிடிக்கிறாள் என்பது வரைபடத்தில் தெரிந்ததால், ஒரு ஞாயிறு காலை இருவரும் போய் அதே வளைவைப் பத்து முறை சுற்றினோம்.

இங்கே காப்பீட்டைப் பற்றி ஒரு வரி. பல மாநிலங்களில் காப்பீட்டு நிறுவனங்கள் இத்தகைய மதிப்பெண்ணைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கின்றன. கலிஃபோர்னியாவில் 1988-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 103-ஆம் முன்மொழிவின்படி அமைந்த விதிகள் அதற்கு இடங்கொடுப்பதில்லை. ஓடிய மைல் கணக்கை மட்டுமே அப்படிச் சேகரிக்கலாம். செயலியின் விளம்பரப் பக்கத்தில் "கட்டணம் குறையலாம்" என்ற வரியைக் கண்டு மயங்க வேண்டாம்.

எதிர்பாராத பலன் ஒன்று எனக்குக் கிடைத்தது. குடும்பச் சந்தாவில் ஐந்து பேர் சேரலாம் என்பதால், விளையாட்டாக என் கைப்பேசியிலும் செயலியை நிறுவினேன். அந்த மாத முடிவில் மகளின் சராசரி 94. என்னுடையது 71. ஒவ்வொரு பயணத்திலும் எங்கே இடித்தது என்று பார்த்தேன். தாங்கியில் இருக்கும் கைப்பேசியில் வரைபடத்தை இரு விரலால் விரித்துப் பெரிதாக்குவது என் வழக்கம். 2017 ஜனவரியிலிருந்து கலிஃபோர்னியாவில் பெரியவர்களுக்கும், பொருத்தப்பட்ட கைப்பேசியில் ஒற்றை விரலால் ஒரு தட்டல் அல்லது ஒரு தேய்ப்பு மட்டுமே அனுமதி என்பதை நான் அறிந்திருந்தேன். இரு விரல் விரிப்பு அதில் அடங்காது என்பதைத்தான் வசதியாக மறந்திருந்தேன். சில நாட்களில் கைப்பேசியைத் தாங்கியிலிருந்து எடுத்துக் கையில் வைத்தே வரைபடம் பார்த்திருக்கிறேன். அதுவும் குற்றமே என்று 2025-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. சாப்பாட்டு மேசையில் என் மதிப்பெண்ணை மகள் உரக்க வாசித்தாள். மனைவி அதைக் கேட்டுச் சிரிக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை.

ஆகவே, யாருக்கு இதை வாங்கச் சொல்வேன்? 18 வயது தாண்டி, ஒலிபெருக்கியில் பேச அனுமதி உள்ள, ஆனால் திரையைத் தொடும் பழக்கத்தை விட முடியாத ஒருவருக்கு இது தகும். 18 நிரம்பாத பிள்ளைக்கு வாங்குவதாக இருந்தால், முதல் நாளே அந்த ஒலிபெருக்கிப் பொத்தானை அணையுங்கள். வண்டியின் புளூடூத் பட்டியலிலிருந்தும் பிள்ளையின் கைப்பேசியை எடுத்துவிடுங்கள். அதையும் செய்து, கைப்பேசியிலேயே இருக்கும் வாகன முறையையும் பூட்டிவைத்து, கைப்பேசியைப் பின்னிருக்கையில் பைக்குள் போட்டுவிட்டால், சந்தா கட்டிப் பெறுவதற்கு மிச்சமிருப்பது பிரேக் கணக்கு மட்டும்தான். அதற்கு 96 டாலர் அதிகம். ஐந்து நட்சத்திரத்தில் இரண்டரை கொடுக்கலாம். அதில் ஒன்றரை தானியங்கிப் பதிலுக்கு.

சந்தாவை இடையில் நிறுத்தினால் மீதித் தொகை திரும்பாது என்று சேவை மையத்தில் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். மகளின் கணக்கை மட்டும் நீக்கிவிட்டு, மீதமிருக்கும் ஆறு மாதத்தை என் கைப்பேசியிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சென்ற வாரச் சராசரி 83.